ஆண், பெண், வயது: எடையின்மை ஆராய்ச்சியில் விடுபட்ட கணக்கு

புனே நகருக்குத் தென்மேற்கே கடக்வாஸ்லா ஏரிக்கரையில் அமைந்துள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில், 2025 மே 30ஆம் நாள் பயிற்சி முடித்து வெளியேறியோரின் அணிவகுப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆண்களுடன் பதினேழு பெண்களும் நடைபோட்டனர். உச்ச நீதிமன்றம் 2021இல் பிறப்பித்த ஆணையின் விளைவாக, 2022இல் முதன்முறையாக அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்ட பெண்கள் அவர்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2024 பிப்ரவரியில், ககன்யான் விண்கலத்தில் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்களை அரசு வெளியிட்டிருந்தது. நால்வரும் இதே அகாடமியில் பயின்றவர்கள். 1984இல் விண்வெளிக்குச் சென்ற ராகேஷ் சர்மாவும் இங்கே பயின்றவரே. 2025இல் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்று திரும்பிய சுபான்ஷு சுக்லா அந்நால்வருள் ஒருவர். ஆகவே நம் நாட்டு விண்வெளிப் பயணத்தின் பாதை கடக்வாஸ்லா வழியாகவே சென்றுள்ளது என்று கூறுவது மிகையாகாது. அப்பாதையில் இப்போது பெண்களும் கால் வைத்துள்ளனர். இந்நிலையில் ஒரு வினா எழுகிறது. எடையற்ற நிலையில் உடலுக்கு நேரும் மாறுதல்களைக் குறித்து வைத்திருக்கும் அளவுகள் யாருடைய உடலில் எடுக்கப்பட்டவை?

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவத் தேர்வுக்குழு ஒன்றின் முன் நிற்கும் விமானியின் தகுதி, அத்தகைய அளவுகளை வைத்தே தீர்மானிக்கப்படும். அளவுகோல் ஓர் இளம் ஆணின் உடலுக்கு ஏற்ப அமைந்திருந்தால், இயல்பாகவே வேறுபட்ட உடல் நோயுற்ற உடலாகக் கருதப்பட்டு விலக்கப்படலாம். அல்லது, இதனினும் கேடான முறையில், உண்மையான இடர் கவனிக்கப்படாமலே போகலாம்.

எடையின்மையைத் தரையில் உண்டாக்க இயலாது. ஆயினும் அதன் விளைவுகளுள் பலவற்றை ஒரு சாதாரணக் கட்டிலைக் கொண்டு உண்டாக்கிவிடலாம். கட்டிலின் தலைப்பக்கம் ஆறு பாகை தாழுமாறு சாய்த்து, தொண்டரை அதில் நாட்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், படுக்க வைப்பர். சோவியத் ஆராய்ச்சியாளர் 1970களில் கையாண்ட இம்முறை இன்று உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. உண்பதும் குளிப்பதும் படுத்தபடியே. உணவு நிறுத்து வழங்கப்படுகிறது. ஒரு தம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தாலும் கணக்கில் ஏறுகிறது. இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரும் ஒரு துளி சிந்தாமல் சேர்க்கப்படுகிறது. இரத்தம் நாள்தோறும் ஒரே வேளையில் எடுக்கப்படுகிறது. ஏனெனில் கார்டிசால் போன்ற ஹார்மோன் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் தாழ்விலும் இருக்கும். நேரம் தவறினால் அளவும் தவறும். விண்வெளி ஆராய்ச்சி என்றவுடன் நெருப்பைக் கக்கும் ராக்கெட்டே நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் பெரும்பகுதி, தராசும் குப்பியும் குறிப்பேடும் கொண்டு பொறுமையாகச் செய்யப்படும் செவிலியர் பணியே ஆகும்.

நிமிர்ந்து நிற்கும் மனிதனின் உடலில் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை இரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. அதை மேலே தள்ளி மூளைக்கு இரத்தம் குறையாமல் காக்கும் பணியில் நரம்புகளும் ஹார்மோன்களும் இடைவிடாது ஈடுபட்டுள்ளன. தலை தாழப் படுத்தவுடன் இவ்வேலை நின்றுவிடுகிறது. நீர் மார்பையும் தலையையும் நோக்கிப் பெயர்கிறது, முகம் உப்புகிறது, கால்கள் மெலிகின்றன. இதயத்தின் மேலறைகள் விரிவடைவதால் உடலில் நீர் மிகுந்துவிட்டதாக உடல் தவறாகக் கணக்கிடுகிறது. உப்பை வெளியேற்றும் ஹார்மோன் மிகுகிறது. உப்பைத் தேக்கி வைக்கும் ரெனின், ஆல்டோஸ்டீரோன் ஆகியவை தொடக்கத்தில் தணிகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் உப்பும் நீரும் சிறுநீராக வெளியேறி, இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. அதன் பின்னர் உடல் புதிய சமநிலை ஒன்றைக் கண்டு அதில் நிலைத்துவிடுகிறது. படுத்திருக்கும் வரை குறையொன்றும் தெரியாது. எழுந்து நிற்கும் கணத்தில்தான் தெரியும்: நாடி துடிதுடிக்கும், கண் இருளும், சிலர் விழுந்தும் விடுவர்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. கட்டில் விண்வெளியன்று. கட்டிலில் காணப்படும் அந்தத் தெளிவான நீரிழப்பை விண்கலங்களில் எடுத்த அளவுகள் அப்படியே உறுதிப்படுத்தவில்லை. அங்கே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவது உண்மை. ஆனால் சிறுநீர் பெருகியதற்குச் சான்று கிட்டவில்லை. மைய இரத்தக் குழாயில் அழுத்தம் உயரும் என்று எதிர்பார்த்திருக்க, 1990களில் எடுத்த நேரடி அளவீடுகளில் அது தாழ்ந்திருந்தது. எனினும் கட்டிலைத் தவிர வேறு வழி இல்லை. இதுவரை விண்வெளிக்குச் சென்றோர் சில நூறு பேரே. அவர்களுள் பெண்கள் சிறு பகுதியினர்.

வலென்டினா தெரெஷ்கோவா 1963இல் ஏறத்தாழ மூன்று நாட்கள் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த பெண் விண்வெளிக்குச் செல்லப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில் எழுதப்பட்ட அறிக்கைகளில் ‘மனிதன்’ என்று வரும் இடங்களில் பொருள் பெரும்பாலும் ‘ஆண்’ என்பதே. மொழிபெயர்ப்போர் அதை ‘மனித உடல்’ என்று தமிழாக்கும்போது, இல்லாத ஒரு பொதுமை வாசகர் மனத்தில் புகுந்துவிடுகிறது. சொல்லளவில் நேரும் இப்பிழை சிறியதன்று.

நியாயமாகச் சொல்வதாயின், இக்குறையைச் சிலர் முன்னரே உணர்ந்தனர். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1973இல் விமானப் படைச் செவிலியர் பன்னிருவரைக் கொண்டு, பெண்களுக்கான முதல் படுக்கை ஆய்வு நிகழ்ந்தது. அந்நாட்டில் விண்வெளிப் பயிற்சிக்குப் பெண்கள் 1978இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதை நோக்க, ஆய்வு பயணத்தை முந்திச் சென்ற அரிய நிகழ்ச்சி இது. அடுத்த சில ஆண்டுகளில் அறுபத்தைந்து வயது வரையிலானோரும் அக்கட்டில்களில் படுத்தனர். வயதும் பாலும் சேர்த்து நோக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றிற்று.

அந்நிலையத்தைச் சேர்ந்த ஜோன் வெர்னிகோசும் துணையாளரும் 1993இல் வெளியிட்ட கட்டுரை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. எட்டு ஆண்களும் எட்டுப் பெண்களும் ஏழு நாட்கள் தலை தாழப் படுத்திருந்தனர். படுக்கையின்போது நீரும் உப்பும் வெளியேறிய விதத்தில் இருபாலாருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் சிறுநீரில் வெளிப்பட்ட கார்டிசால் ஆண்களிடம் மட்டுமே உயர்ந்து, படுக்கைக்காலம் முழுவதும் உயர்ந்தே இருந்தது. படுக்கைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கச் செய்த சோதனையில்தான் மற்றொரு வேறுபாடு வெளிப்பட்டது. நிற்கும்போது பெண்களின் ஆல்டோஸ்டீரோன் ஆண்களுடையதைக் காட்டிலும் மிகுதியாக எழுந்தது. படுக்கைக்கு முன் ரெனினும் அவ்வாறே. இருபாலாரிடமும் ஹார்மோன்களின் எழுச்சி படுக்கைக்குப் பின் முன்னிலும் பெரிதாயிற்று.

இதிலிருந்து இரண்டு முடிவுகளை அவசரமாக எடுப்போர் உண்டு. ‘வேறுபாடே இல்லை, பேச்சை விடுக’ என்பர் ஒரு சாரார். ‘பெண்ணுடல் விண்வெளிக்கு ஏற்றதன்று’ என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பிழை. விண்வெளியிலிருந்து திரும்பியவர்களுள் நிற்க இயலாமல் மயக்கத்தின் விளிம்புக்கு வந்தோர் விகிதம் பெண்களிடையே மிகுதி என்பது பதிவான உண்மை. அதே வேளையில், நீண்ட பயணங்களில் கண்ணின் பின்புறம் நேரும் வீக்கமும் பார்வை மாற்றமும் ஆண்களிடமே மிகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு பாலார்க்கு ஓரிடத்தில் இடர், மற்றொரு பாலார்க்கு மற்றோரிடத்தில். எதற்கு எந்த முன்காப்பு என்பதே வினாவாக இருக்க வேண்டும். தரையிறங்குமுன் பயணிகள் உப்பும் நீரும் அருந்துவது வழக்கம். அந்த அளவு உடல் எடைக்கும் ஹார்மோன் இயல்புக்கும் ஏற்ப அமைய வேண்டாமா?

வயதைப் பற்றிய கவனம் இதைவிடக் குறைவு. ஐம்பதைக் கடந்த உடலில் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் தாழ்ந்துள்ளன, உப்பை வெளியேற்றும் ஹார்மோன் மிகுந்துள்ளது, தாகம் மந்தமாகிறது, நிற்கும்போது நாடி விரைவாக எழுவதில்லை. வளர்ச்சி ஹார்மோனும், ஆண்களிடம் டெஸ்டோஸ்டீரோனும் குறைந்துகொண்டு வருகின்றன. பெண்களிடம் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் வீழ்வதால் எலும்பு தேயத் தொடங்குகிறது. படுக்கையோ எந்த வயதினருக்கும் எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. அதனால் பாராதைராய்டு ஹார்மோன் தாழ்கிறது, அதைத் தொடர்ந்து வைட்டமின் டியின் செயல்வடிவமும் தாழ்கிறது. முதுமையால் முன்னரே குறைந்திருக்கும் சேமிப்பின்மீது படுக்கையின் இழப்பும் ஏறினால் விளைவு என்னவாகும்? 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சராசரியாக அறுபத்தேழு வயதுடைய நலமான முதியோர் பத்து நாட்கள் படுத்திருந்தனர். அவர்கள் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. ஜான் கிளென் 1998இல் எழுபத்தேழு வயதில் ஒன்பது நாட்கள் விண்வெளியில் இருந்து திரும்பியதை நாளிதழ்கள் வியந்து எழுதின. ஒருவரை வைத்து எழுதிய வியப்பு விஞ்ஞானமாகாது. கனடா நாட்டில் 2020களின் தொடக்கத்தில் 55 முதல் 65 வயது வரையிலான ஆண்களையும் பெண்களையும் பதினான்கு நாட்கள் படுக்க வைத்துச் செய்த ஆய்வே இத்துறையில் உரிய வழியைக் காட்டிற்று.

வயதின் கணக்கு நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை ககன்யான் நால்வரின் பிறந்த ஆண்டுகளே கூறும். அவர்கள் 1976க்கும் 1985க்கும் இடையே பிறந்தவர்கள். பெயர் வெளியான நாளில் இளையவருக்கு முப்பத்தெட்டு, மூத்தவருக்கு நாற்பத்தேழு. சோதனை விமானியாக முதிர்ச்சி பெறுவதற்குள் நாற்பது நெருங்கிவிடுகிறது. ஆனால் படுக்கை ஆய்வுகளுக்குத் தொண்டர் கிடைப்பது பெரும்பாலும் இருபதுகளிலுள்ள மாணவரிடையே. இனி பெண்களின் நிலையைக் காண்போம். போர் விமானம் ஓட்டும் வாய்ப்பு நம் நாட்டுப் பெண்களுக்கு 2016 ஜூனில்தான், அதுவும் மூவருக்கு, முதன்முதலாகக் கிடைத்தது. அவ்வழியில் வருவோர் விண்வெளித் தேர்வுக்குரிய அனுபவத்தைப் பெறும்போது அவர்களும் நாற்பதை ஒட்டியிருப்பர். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். மேலைநாடுகளில் ஐம்பத்தொன்றை ஒட்டி. ஆகவே அங்கே நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் எடுத்த ஹார்மோன் அளவை இங்கே அதே வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துவது தகாது.

வேற்று நாட்டு அளவுகள் நம் உடலுக்குப் பொருந்தா என்பதற்குப் புனேயிலேயே ஒரு புகழ்பெற்ற சான்று உள்ளது. அந்நகரின் கே. இ. எம். மருத்துவமனையில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவர் குழுவினரும் 1993இல் சுற்றுப்புறக் கிராமங்கள் ஆறில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். கருவுற்ற தாய்மாரையும் பின்னர் அவர்தம் குழந்தைகளையும் அது தொடர்ந்து பின்பற்றி வந்தது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. இவ்வளவு இளைத்த குழந்தைகளிடம் தசைதான் குறைந்திருந்ததேயன்றி, தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. மெலிந்த தோற்றம், கொழுத்த உட்கூறு. இத்தகைய உடல் இன்சுலினுக்குப் பணிய மறுக்கும் போக்கு உடையது. படுக்கையோ சில நாட்களிலேயே எவருக்கும் அப்போக்கை உண்டாக்கக் கூடியது. இவ்விரண்டும் ஒருங்கே சேரும் உடலில் நிகழ்வதை ஹூஸ்டனிலோ மாஸ்கோவிலோ எடுத்த பட்டியல் எவ்வாறு கூறும்? வெயில் மிகுந்த நம் நாட்டில் வைட்டமின் டி குறைவு பரவலாக இருப்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

எனவே நம் ஆய்வுகளில் ஆண், பெண் இருபாலாரும் பல வயதினரும் தொடக்கத்திலிருந்தே இடம்பெற வேண்டும். முதலில் ஆண்களிடம் முடித்துவிட்டுப் பிறகு பெண்களிடம் சரிபார்ப்போம் என்னும் முறை, அமெரிக்கரும் ரஷ்யரும் நடந்து களைத்த சுற்றுவழி. அவர்கள் தவறை நாமும் வரிசைப்படி செய்ய வேண்டியதில்லை. பெங்களூரில் 1957இல் தொடங்கிய விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்திடம் இதற்குரிய அனுபவம் உண்டு. புனேயில் 1948 முதல் இயங்கிவரும் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி உண்டு. அதே நகரின் விளிம்பில், ஒரே வயதுடைய ஆணும் பெண்ணும் ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே திடலில் ஓடிப் பயிலும் அகாடமியும் இப்போது உண்டு. இவ்வாறு உணவும் உறக்கமும் உழைப்பும் ஒத்திருக்கும் இரு பாலார் ஓரிடத்தில் அமைவது ஆராய்ச்சியாளருக்கு எளிதில் வாய்ப்பதன்று.

ஆயினும் அங்கே ஒரு கோடு கிழிக்க வேண்டியுள்ளது. கட்டளைக்குக் கீழ்ப்படியப் பயிற்றப்படும் பதினெட்டு வயது மாணவரிடம் ‘விரும்பினால் வரலாம்’ என்று கூறுவது உண்மையான விருப்பமாகாது. ஆகவே கடக்வாஸ்லாவில் எடுக்கத்தக்கவை அடிப்படை அளவுகள் மட்டுமே. படுத்தும் நின்றும் எடுக்கும் இரத்த அழுத்தம், நாடி, சிறிதளவு இரத்தத்தில் ஹார்மோன்கள், அவ்வளவே. அதுவும் அகாடமியைச் சாராத குழு ஒன்று ஒப்புதல் பெற்று, மறுப்போர் பெயர் மேலதிகாரிக்குத் தெரியாதவாறு செய்தல் வேண்டும். கட்டில் ஆய்வுக்குரிய தொண்டர்களோ நகரத்திலிருந்து வரட்டும்: முப்பதிலும் நாற்பத்தைந்திலும் அறுபதிலும் உள்ள ஆசிரியர்கள், எழுத்தர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றோர். இழந்த நாட்களுக்கு ஊதியமும், எழுந்தபின் உரிய பயிற்சியும் அவர்களுக்கு அளிக்கப்பட வேண்டும்.

பெண்களைச் சேர்த்தால் மாதச் சுழற்சியால் அளவுகள் குழம்பும் என்பது பழைய மறுப்பு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டீரோனும் உப்பையும் நீரையும் பாதிப்பது மெய்யே. ஆனால் கார்டிசால் நாள்தோறும் ஏறி இறங்குவதற்காக அதை அளக்காமல் விட்டவர் உண்டா? நேரம் குறித்து அளந்தனர். அவ்வாறே சுழற்சியின் நாளையும் குறித்து அளக்கலாம். செலவு மிகும் என்பது மற்றொரு மறுப்பு, அது மெய். பிரான்சின் துலூஸ் நகரில் 2005இல் இருபத்துநான்கு பெண்களை அறுபது நாட்கள் படுக்க வைத்த ஆய்வுக்குப் பல நாட்டு நிறுவனங்கள் பொருள் ஈந்தன. நம்மால் அறுபது நாட்கள் இயலாவிடில் ஏழு நாட்கள் செய்யலாம். 1993 ஆய்வு ஏழு நாட்களில்தான் அத்தனையும் கூறிற்று. ககன்யானின் ஆளில்லாப் பயணத்துக்கென வியோமித்ரா என்னும் பொறிப்பாவையைப் பெண்ணுருவில் செய்து 2020இல் காட்டினர். பாவைக்கு ஹார்மோன் இல்லை. ஆகவே அதைப் பற்றி மருத்துவருக்குக் கவலையும் இல்லை.

விண்வெளிக்குச் செல்வோர் சிலர். தலையணையோடு நாட்கணக்கில் கிடப்போர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி, காய்ச்சலில் வீழ்ந்த உழவர், பேற்றுக்குப் பின் படுக்கையிலேயே வைக்கப்படும் இளம் தாய் ஆகியோரின் உடலிலும் இதே ஹார்மோன்கள் இதே கணக்கைத்தான் போடுகின்றன. இப்போது நாற்பது வயது ஆணுக்குரிய அளவைக் கொண்டு எழுபது வயது மூதாட்டிக்கு மருந்தும் உப்புக் கட்டுப்பாடும் கூறப்படும் இடங்கள் இல்லாமலில்லை. இந்திய அளவுகள் கிடைக்குமாயின் முதலில் பயன்பெறுவது இவர்களே. அதுவரை களப்பணியாளர் செய்யத்தக்கது உண்டு. நெடுநாள் படுத்தவரை ஒரேயடியாக நிற்க வைக்கக் கூடாது. முதலில் கட்டிலில் சாய்த்து உட்கார்த்தி, பின் கால்களைத் தொங்கவிட்டு, நாடியைப் பார்த்து, அதன் பின்னரே தாங்கி நிற்க வைக்க வேண்டும். இரத்த அழுத்த மருந்து உண்போரிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. படுக்கையிலிருக்கும்போதே கால் விரல்களையும் கணுக்காலையும் அசைக்கச் செய்வதும், மருத்துவர் தடுக்காத நிலையில் நாளுக்குப் பலமுறை நிமிர்ந்து உட்கார வைப்பதும் தசையையும் இரத்த ஓட்டத்தையும் காக்கும்.

பள்ளியாசிரியர் இதே பாடத்தைக் கருவி ஏதுமின்றிக் கற்பிக்கலாம். மாணவர் ஒருவர் பாயில் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க, மற்றொருவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிட நாடியை எண்ணட்டும். எழுந்து நின்றவுடன் ஒரு முறையும், மூன்று நிமிடம் கழித்து ஒரு முறையும் எண்ணட்டும். தலை சுற்றுவதாகக் கூறுவோரை உடனே உட்கார வைக்க வேண்டும். விருப்பமுள்ள பெற்றோரையும் தாத்தா பாட்டியரையும் இதில் சேர்க்கலாம். பதிவேட்டில் பெயர் வேண்டாம். வயதுக்கு ஒரு பத்தியும், ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு பத்தியும், மூன்று எண்களுக்கு மூன்று பத்திகளும் போதும். சராசரி எடுக்கும்போது எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி ஒருமுறையும், வயதாகவும் பாலாகவும் பிரித்து மற்றொரு முறையும் கணக்கிட்டு, இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதச் செய்யலாம்.